அமாவாசை இரவை ஓய்வுக்கென்று ஒதுக்கினேன், அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தேய்பிறை | 21 மார்ச் 2026

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

எனக்கு 44 வயது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. பகலில் நான் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். இரவில் படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. அலாரம் அடிப்பதற்கு முன்பே எனக்குக் கண் திறந்துகொள்கிறது. இரண்டு மணிக்குப் புரட்டும்போது அம்மா இடது கையால் என் தலையைத் தடவிவிடுவார். அதற்காகவே எழுந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனாலும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

மாதத்தில் ஓர் இரவு தான் வந்து பார்த்துக்கொள்வதாகப் போன நவம்பரில் தம்பி சொன்னான். எந்த இரவு என்பதில்தான் இழுபறி. சனிக்கிழமை என்றால் அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். மாதக் கடைசி என்றால் எனக்குக் கணக்கு முடிக்கும் நேரம். பேசிப் பேசி அமாவாசை என்று முடிவு செய்தோம். அதை அவனாலும் தள்ளிப்போட முடியாது, என்னாலும் முடியாது. எனக்குள் இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு மணிக்கு எழும்போதெல்லாம் ஜன்னலில் நிலா எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நிலாவே வராத இரவில் நானும் எழுந்திருக்க வேண்டாம் என்பது மனதுக்கு நியாயமாகப் பட்டது.

அப்புறம் அந்த இரவில் என்னென்ன செய்வது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த யோசனைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அறையைப் பெருக்கித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, வெந்நீரில் குளிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, இருபது நிமிடம் கண்மூடி உட்காருவது, உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி, விட்டுவிட வேண்டியவற்றை எழுதிக் கிழிப்பது, வரும் மாதத்துக்கு மூன்று தீர்மானம், நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயங்கள், பாதத்துக்கு எண்ணெய், புத்தகத்தில் பத்துப் பக்கம். மொத்தம் பதினொன்று.

டிசம்பரில் பதினொன்றையும் செய்தேன். முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. நன்றிப் பட்டியல் ஏழோடு நின்றுவிட்டது. மீதி மூன்றுக்காக யோசித்துக்கொண்டே இருந்து அழுகை வந்துவிட்டது. ஜனவரியில் தேதிக் குழப்பம். நான் பார்த்த பட்டியலில் 18, தம்பியின் செயலியில் 19. நான் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் காத்திருந்தேன், அவன் மறுநாள் வந்து நின்றான். பிப்ரவரியில் சரியான நாளில் வந்தான். ஆனால் பத்து மணிக்குக் கதவைத் தட்டி, ராத்திரி மாத்திரை எந்த டப்பாவில் என்று கேட்டான். பன்னிரண்டு மணிக்கு மறுபடி தட்டி, இப்போது எந்தப் பக்கம் புரட்டுவது என்று கேட்டான். அதன்பிறகு அடுத்த தட்டலுக்குக் காது கொடுத்தபடியே விடிந்தது.

இந்த மாதம் 19ஆம் தேதி. எட்டரை மணிக்கு, விரிப்பு மாற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சாயலாம் என்று படுத்தேன். கண் திறந்தபோது காலை ஆறேகால். மெழுகுவத்தி ஏற்றவில்லை, எதையும் எழுதவில்லை. தாள் மேசைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒன்பதே முக்கால் மணி நேரம் தூங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாதத்துக்குக் கிடைத்த ஒரே இரவைத் தூங்கியே தொலைத்துவிட்டேனே என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

அமாவாசையை ஓய்வு நாளாக வைத்துக்கொள்பவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த இரவில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? எதையெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டீர்கள்? தூங்கிவிட்டால் அது கணக்கில் சேருமா?


விண்மீன் வாசகன் | 21 மார்ச் 2026

தேதிக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், அது எளிது. நாம் அமாவாசை என்று ஒரு நாளையே சொன்னாலும், வானத்தில் அது ஒரு கணம். நிலா தன் சுற்றில் சூரியன் இருக்கும் திசைக்கே வந்து சேரும் கணம். ஜனவரியில் அது உலகப் பொது நேரப்படி 18ஆம் தேதி இரவு 7.52க்கு நிகழ்ந்தது. அதே கணத்தில் கிழக்குப் பக்கத்து நாடுகள் பலவற்றில் தேதி 19 ஆகிவிட்டிருந்தது. நீங்கள் பார்த்த பட்டியலும் சரி, தம்பியின் செயலியும் சரி. யார்மேலும் தவறில்லை. அடுத்தது ஏப்ரல் 17, பொது நேரம் முற்பகல் 11.52. அப்போது ஏறக்குறைய உலகம் முழுக்க 17ஆகவே இருக்கும், குழப்பம் வராது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த அரை நாள்தான் நேரத்தை மாதாமாதம் நகர்த்திக்கொண்டே போகிறது.

ஒருநாள் முன்னால் பின்னால் ஆனாலும் கவலை வேண்டாம். அமாவாசைக்கு ஒருநாள் இப்பாலோ அப்பாலோ நிலாவின் முகத்தில் ஒளிபடும் பகுதி ஏறக்குறைய நூற்றில் ஒன்று. இரண்டு நாள் தள்ளிப் போனாலும் நான்கைந்துதான். தம்பிக்கு எந்த இரவு தோதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் நிலாவைத் தேடுவதாக எழுதியிருந்தீர்கள். அமாவாசையன்று அது சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைந்துவிடும். பகல் முழுக்க நம் தலைக்கு மேலேதான் இருக்கும். ஒளிபடும் பக்கம் அப்பால் திரும்பியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடுகிறது. நேர்கோட்டில் வந்தால் சூரிய கிரகணம். வரும் ஆகஸ்ட் 12 அமாவாசையில் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கத்தில் முழு கிரகணம் தெரியப்போகிறது. அமாவாசை நிலாவை ஒரு கருவட்டமாகப் பார்க்கக் கிடைக்கும் தருணம் அது.

சரி, என் வழக்கம். நான் மெய்ப்புப் பார்ப்பவன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எழுத்துகளையே உற்றுப் பார்க்கும் கண்கள். ஆறு வருடமாக அமாவாசையன்று மொட்டை மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு இருட்டில் உட்காருகிறேன். செய்வது அவ்வளவுதான். நோட்டு கிடையாது, பாட்டு கிடையாது, விளக்கு கிடையாது, தொலைபேசி கீழே அலமாரியில்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். நிறம் காணும் கூம்பு செல்கள் அதற்குள் தங்களால் முடிந்த அளவுக்கு இருட்டுக்குப் பழகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் மெதுவானவை. அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்துபோய், இருட்டில் திரும்பவும் சேர வேண்டும். அதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பே எனக்கு ஓய்வு. நான் முயன்றாலும் அதை வேகப்படுத்த முடியாது. கண் தன் போக்கில் திறந்துகொண்டே வரும். முதலில் பத்து நட்சத்திரம் இருந்த இடத்தில் முப்பது தெரியும், அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுவேன்.

ஒரு சின்ன வித்தையும் உண்டு. மங்கலான ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்க்க வேண்டும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் கிடையாது. பிப்ரவரி அமாவாசையில் அறுமீனை, அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை, நேராகப் பார்த்தபோது ஒரு புகைத் திட்டுதான். பார்வையை ஒரு விரல் அகலம் நகர்த்தியதும் ஆறும் தனித்தனியே நின்றன. பெயர் வைத்தவர்களும் இதே ஆறைத்தான் எண்ணியிருப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

உங்கள் நிலையில் இதை முதலிலேயே செய்யச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடத் தூக்கம் பாக்கி இருக்கும்போது வானம் காத்திருக்கட்டும். மார்ச் 19 இரவு கணக்கில் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.


மூன்றாம் ஷிப்ட் | 22 மார்ச் 2026

தூக்க ஆய்வகத்தில் இரவுப் பணியில் இருக்கிறேன். நோயாளிகளின் தலையில் மின்முனைகள் ஒட்டி, விடியும்வரை அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மருத்துவர் இல்லை, ஆனாலும் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது. ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். நீங்கள் பத்து மணிக்குப் புரட்டிவிட்டுப் படுத்துத் தூக்கம் பிடித்து ஒரு சுற்று முடிவதற்குள் பன்னிரண்டு மணி அலாரம். இப்படி எண்ணூற்றுச் சொச்சம் இரவுகள். அதன்பிறகு தடையில்லாத ஓர் இரவு கிடைத்தால், உடம்பு விட்டுப்போன ஆழ்ந்த தூக்கத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். எங்கள் திரையில் அந்த நீளமான மெதுவான அலைகள் தெரியும். மார்ச் 19 அன்று உங்களைப் பதிவு செய்திருந்தால் முதல் சில மணி நேரம் அந்த அலைகளாகவே நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த இரவில் உங்கள் உடம்புக்கு இதைவிட முக்கியமான காரியம் எதுவும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

நிலாவுக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2013இல் பாசெல் பல்கலைக்கழகத்தார் 33 பேரின் ஆய்வகத் தூக்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் ஆழ்ந்த தூக்கத்துக்குரிய அலைகள் 30 சதவீதம் குறைந்திருந்தன, மொத்தத் தூக்கம் 20 நிமிடம் குறைந்திருந்தது. மறுவருடமே அதைவிடப் பெரிய தொகுப்பை வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. 2021இல் அர்ஜென்டினாவின் தோபா மக்களிடம் கைக்கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிப் பார்த்ததில், பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் அவர்கள் தாமதமாகத் தூங்கியது தெரிந்தது. ஆகவே அமாவாசைக்கென்று தனிச் சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் தவறாமல் வருகிறது, யாரும் மாற்ற முடியாது, இருட்டாக இருக்கிறது. எனக்கு இந்த மூன்றும் போதும்.

உங்கள் பதினொன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் வெந்நீரைத்தான் சொல்வேன். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் சீக்கிரம் தூக்கம் வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் காட்டியிருக்கிறார்கள். குளிக்க முடியாவிட்டால் பாதங்களை மட்டுமாவது வெந்நீரில் வைத்திருங்கள். கைகால்களில் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறுகிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர ஆரம்பிப்பதுதான் தூக்கத்துக்கான அழைப்பு.

தீர்மானங்களும் நன்றிப் பட்டியலும் வேண்டாம். ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதுங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட மறுநாள் வேலைகளை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். தலையில் சுற்றிக்கொண்டிருப்பது தாளில் இறங்கிவிடுகிறது. மெழுகுவத்தி ஏற்றினால் சாய்வதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். நீங்கள் படுத்த வேகத்தைப் பார்த்தால் எரிகிற மெழுகுவத்தியோடு தூங்கிவிடக்கூடும், அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. அழுகை, குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் இருந்தால் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிப் போகும்போது உங்களுக்கென்று தனியாகவும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.


மஞ்சள் நோட்டு | 22 மார்ச் 2026

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு அந்த நீளப் பட்டியல் பிடிக்கும். தனியாக இருக்கிறேன், வேலை போய் ஒன்பது மாதம். எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கின்றன. அமாவாசையன்று மட்டும் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் செய்வேன். தலைக்குக் குளித்து, நகம் வெட்டி, அலமாரியில் ஒரு தட்டை மட்டும் காலி செய்து அடுக்கி, போன மாதப் பக்கங்களைப் படித்து, புதிய பக்கத்தில் தேதி போடுவேன். நேரம் அதிகமாக இருப்பவருக்கு அது ஒரு கரை மாதிரி. அக்கா, உங்களுக்கு நேரமே இல்லை, அதனால்தான் அதே பட்டியல் பாரமாகிறது. பட்டியல்மேல் கோபப்படாதீர்கள், உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.


சாய்வு நாற்காலி | 23 மார்ச் 2026

தங்கச்சி, எனக்கு 67 வயது. என் கணவர் ஏழு வருடம் படுக்கையில் இருந்தார், போய் மூன்று வருடமாகிறது. நீ எழுதியதில் எல்லோரும் மார்ச் மாதத்தைப் பார்க்கிறார்கள். நான் பிப்ரவரியைத்தான் பார்த்தேன். தம்பி இரண்டு தடவை கதவைத் தட்டினான் இல்லையா, அங்கேதான் உன் ஓய்வு கசிந்துபோகிறது. வெந்நீரோ மெழுகுவத்தியோ அதை அடைக்காது.

நான் நான்கு வருடம் இதே தவறைச் செய்தேன். என் மகள் மாதம் ஒருநாள் வருவாள். நான் பக்கத்து அறையில் படுத்திருப்பேன், காது மட்டும் அவர் கட்டிலடியில் இருக்கும். அவருடைய இருமல் எந்த ரகம் என்று சுவரைத் தாண்டி எனக்குத் தெரியும். பிறகு வீட்டுக்கு வந்துபோன ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்தார். மருத்துவமனையில் ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பு என்று ஒன்று செய்வார்களாம். என்ன கொடுத்தாயிற்று, என்ன பாக்கி, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்ன பிறகுதான் முதல் ஆள் கிளம்பலாம். அதை வீட்டில் செய் என்றார்.

ஒரு தாள் போதும். பெரிய எழுத்தில் எழுது. பத்து மணி இடப்பக்கம், பன்னிரண்டு மணி மல்லாந்து, இரண்டு மணி வலப்பக்கம், இப்படி உன் அம்மாவுக்கு நீ வழக்கமாகச் செய்யும் வரிசை. தலையணை எங்கே வைப்பது, விழுந்த கையை எப்படித் தாங்குவது, குதிகால் படுக்கையில் அழுந்தாமல் எதை மடித்து வைப்பது. அந்த இரவுக்கான மாத்திரையைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடு, டப்பாவைத் தேடும் வேலையே இருக்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுது, பக்கவாதம் வந்தவர்களுக்குப் புரையேறும். கடைசியில், எதற்கெல்லாம் உன்னை எழுப்பலாம் என்று எழுது. என் தாளில் நான்குதான் இருந்தன. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விழுந்துவிட்டால், எழுப்பியும் கண் திறக்காவிட்டால். அந்த நான்குக்கும் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, பிறகு என்னை எழுப்பு என்று மகளிடம் சொல்லியிருந்தேன். மற்ற எதற்கும் அவளே முடிவு செய்ய வேண்டும்.

அமாவாசைக்கு முந்தைய நாள் பகலில் தம்பியை ஒரு மணி நேரம் வரச்சொல். நீ செய்யாதே, அவன் கையால் ஒரு தடவை புரட்டட்டும். நீ பக்கத்தில் நின்று பார். அவன் உன் அளவுக்குச் சுத்தமாகச் செய்ய மாட்டான். விரிப்பில் சுருக்கம் இருக்கும், தலையணை கோணலாக இருக்கும். தோலுக்குக் கெடுதல் செய்யாத கோணல் என்றால் விட்டுவிடப் பழகு. எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. என் மகள் அவருக்குப் போர்வையைத் தலைகீழாகப் போர்த்துவாள், பூப்போட்ட விளிம்பு காலடியில் கிடக்கும். நான் போய்த் திருப்பிவிடுவேன். ஒருநாள் அவரே, "விடு, எனக்கு அவள் போர்த்தியதும் பிடிச்சிருக்கு" என்றார். நான் திரும்பிப் போய்ப் படுத்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன்.


தேய்பிறை | 23 மார்ச் 2026

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மா தூங்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

சாய்வு நாற்காலி அம்மா, அந்தக் கசிவு விஷயம் நெஞ்சில் தைத்தது. நான் தம்பிக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் நானே செய்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். அவன் தட்டியபோது எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அவனுக்கு வேறு வழி என்ன இருந்தது? மஞ்சள் நோட்டு, உங்கள் கரை என்ற சொல்லை எடுத்துவைத்துக்கொண்டேன். பட்டியலைக் கிழிக்கவில்லை, அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் ஷிப்ட், சீட்டுப் போடுகிறேன், உறுதி.

ஏப்ரல் 17க்குப் பிறகு வந்து சொல்கிறேன்.


தேய்பிறை | 20 ஏப்ரல் 2026

சொன்னபடி வந்திருக்கிறேன்.

16ஆம் தேதி பகலில் தம்பி வந்தான். அம்மாவை மூன்று தடவை புரட்டினான். முதல் தடவை விழுந்த கை அடியில் மாட்டிக்கொண்டது, அம்மா முகத்தைச் சுளித்தார், அவன் பயந்துவிட்டான். இரண்டாவது தடவை அம்மாவே இடது கையால் அந்தக் கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, "இப்ப" என்றார். இத்தனை மாதமும் நான் அவசரமாகப் புரட்டியதில், அவரால் அதைச் செய்ய முடியும் என்றே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இப்போது நானும் காத்திருக்கிறேன். அவர் கையை எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் புரட்டுகிறேன்.

தாள் ஒட்டினேன். கிண்ணத்தில் மாத்திரை வைத்தேன். 17 இரவு எட்டு மணிக்குத் தம்பி தாளைப் பார்க்காமல் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். சிவப்பு மைக்காரியத்தை முதலில் சொன்னான்.

அப்புறம் நான் செய்தது இரண்டே காரியம். பாதங்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, நாளைய வேலைகளை எழுதினேன். ஏழு வரி வந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன், கண் பழகும்வரை பார்க்கலாம் என்று. தெருவிளக்கு இருப்பதால் அதிகம் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் நான்கு நட்சத்திரம் எண்ணியது நினைவிருக்கிறது. ஒன்பதரைக்குள் படுத்திருப்பேன். பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, பழக்கம் அது. சுவருக்கு அப்பால் தம்பி மெல்லப் பேசும் சத்தமும், அம்மா ஏதோ பதில் சொல்வதும் கேட்டன. எழுந்து போகக் கால் துடித்தது. போகவில்லை. மறுபடி எப்போது தூங்கினேன் என்று தெரியாது, எழுந்தபோது ஐந்தேமுக்கால். காலையில் போய்ப் பார்த்தால் விரிப்பு முழுக்கச் சுருக்கம். தோலைப் பார்த்தேன், ஒரு சிவப்புகூட இல்லை. விரிப்பை அப்படியே விட்டுவிட்டேன், பத்து மணிவரை.

விண்மீன் வாசகன் ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மாலை சூரியன் மறைந்ததும் அம்மாவின் சக்கர நாற்காலியை மேற்கு ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு நாள் பிறை, நகம் வெட்டிய துண்டுபோல. ஒளிபடாத மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. பூமியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அது என்று தேடிப் படித்தேன். அம்மா இடது கையை நீட்டி முழுவட்டத்தையும் காற்றில் வரைந்து காட்டினார்.

மே மாத அமாவாசை பொது நேரப்படி 16ஆம் தேதி இரவு 8.01 என்று பார்த்தேன். மறுபடி தேதி பிரியும். தம்பியிடம் 16 என்றே சொல்லி, தாளின் மேல் மூலையில் எழுதிவிட்டேன். 15 பகலில் அவன் மகளும் கூட வருகிறாளாம், புரட்டக் கற்றுக்கொள்ள.